பேரவைக் கூட்டத்து டப்பா

என் சமையலறை ஜன்னலுக்கு மேலே உள்ள பலகையில் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கிறது. அரைக் கிலோ சர்க்கரை பிடிக்கும். அதன் வயிற்றுப் பக்கத்தில் எலுமிச்சம்பழ வில்லை அளவுக்கு ஒரு வட்டம் தெரியும். ஒரு காலத்தில் அங்கே ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் பசை அது. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், புளி, சுடுதண்ணீர் என்று எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். போகவில்லை. துடைத்து வைத்த மறுநாளே தூசி வந்து அந்த வட்டத்தில் மட்டும் உட்கார்ந்துகொள்ளும். தூக்கிப் போடச் சொல்கிறாள் என் மகள். மனசு வரவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் கூட்டுறவுப் பண்டகசாலையின் செயலாளர் நினைவுக்கு வருகிறார். பாசத்தால் இல்லை. சில மனிதர்களை நாம் மறந்துவிட்டால் அது அவர்களுக்குத்தான் லாபம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் மறக்காமல் வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் மந்தைவெளியில் ஒரு தெரு மூலையில் இருந்தது எங்கள் பண்டகசாலை. கீழே கடை, மாடியில் கூட்டம் நடத்த ஒரு கூடம். கட்டடம் சங்கத்துக்கே சொந்தம். சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களின் பெரியவர்கள் எப்போதோ பங்குப் பணம் போட்டு வாங்கியது. பத்தாவது படித்திருந்த எனக்கு அங்கே பில் எழுதும் வேலை கிடைத்தது. என் தந்தை அப்போது படுத்த படுக்கை. அந்த வேலையில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதற்காக அந்தக் கடையைப் பெரிய சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்க மூன்று இடத்தில் நிற்க வேண்டும். முதலில் என்னிடம் பில். பிறகு கம்பி வலைக்குப் பின்னால் இருக்கும் காசாளரிடம் பணம். பிறகு முத்திரை குத்திய பில்லை எடுத்துக்கொண்டு பொருள் கொடுக்கும் மேஜை. அங்கே போய் நின்ற பிறகுதான் பருப்பு தீர்ந்துபோன விஷயம் தெரியும். மத்தியானம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்போம். ஆனால் எடை சரியாக இருக்கும், எண்ணெயில் கலப்படம் இருக்காது, ஜூன் மாதம் பள்ளிக்கூட நோட்டுகள் மற்ற இடங்களைவிட மலிவாகக் கிடைக்கும். அவ்வளவுதான் எங்கள் பெருமை. அதுவும் கொஞ்சமில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

செயலாளர் எப்போதும் சஃபாரி சூட்டில் வருவார். நெற்றிக்கு மேலே மட்டும் சாயம் பூசிய தலை. கடைக்குள் நுழைந்ததும் பருப்பு மூட்டைகளைப் பார்த்து முகம் சுளிப்பார். "உலகம் எங்கயோ போயிட்டிருக்கு, நாம இன்னும் கோணியைக் கட்டிக்கிட்டு அழறோம்" என்பார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. உலகம் போகிற இடத்துக்கு இவரும் போகலாமே என்று எனக்குத் தோன்றும். ஆனால் அவர் போனதெல்லாம் மின்விசிறிக்குக் கீழே போட்டிருந்த நாற்காலி வரைதான். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. மனசுக்குள் மட்டும் நன்றாகப் பேசுவேன். வெளியில் பேசுவதற்கு எங்களிடம் பாக்கிங் அக்கா இருந்தார். நொச்சிக்குப்பத்திலிருந்து நடந்தே வருவார். மளிகையைப் பொட்டலம் கட்டுவது அவர் வேலை. செயலாளரை அவர் முகத்துக்கு நேராகவே "நைனா" என்று கூப்பிடுவார். "உலகம் போவட்டும் நைனா, நீ மொதல்ல அந்த சேர வுட்டு எந்திரி, மூட்ட எறக்கணும்" என்று ஒருநாள் சொன்னபோது காசாளர் வலைக்குப் பின்னால் குனிந்துகொண்டு சிரித்தார்.

எதிர்ச் சாரியில் ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, அதைத் திறந்துவிட ஒரு ஆள். அங்கே பச்சை நிறப் பை கொடுத்ததால் நாங்கள் அதைப் பச்சைப் பைக் கடை என்று சொல்வோம். அடையாறில் இன்னொரு கம்பெனி கடை போட்டிருந்தது. அது சிவப்புப் பை. தியாகராய நகரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்று அடித்துக்கொண்டன. பச்சைக்காரன் சர்க்கரை விலையை இறக்கினால் சிவப்புக்காரன் எண்ணெய் விலையை இறக்குவான். இவன் பிளாஸ்டிக் குடம் கொடுத்தால் அவன் பிளாஸ்டிக் வாளி கொடுப்பான். கோடிக்கணக்கில் முதல் போட்டவர்கள் குடத்தையும் வாளியையும் வைத்துக்கொண்டு தெருவில் மல்லுக்கு நின்றார்கள். அதைவிடக் கேவலம் வாங்க வந்தவர்கள். வாசலில் கார் நிறுத்தியவர்கள்கூட ஒரு குடத்துக்காகத் தேவையில்லாத சோப்பை டஜன் கணக்கில் வாங்கிப் போனார்கள். எங்கள் உறுப்பினர்கள் எதிர்க் கடையில் மாதச் சாமான் எல்லாம் வாங்கி முடித்துவிட்டு, பச்சைப் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துப் பிடித்தபடி எங்களிடம் வந்து, "நோட்டுப் புத்தகம் வந்துடுத்தா?" என்று கேட்பார்கள். பையின் காது இரண்டு பக்கமும் வெளியே தெரியும்.

செயலாளருக்கு அப்போதுதான் உற்சாகம் வந்தது. சூப்பர் மார்க்கெட்டுகளை ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லிக்கொண்டு அடையாறுக்கும் தியாகராய நகருக்கும் போய் வந்தார். திரும்பி வந்ததும் எங்கள் கடையை மாற்றத் தொடங்கினார். இரும்பு அலமாரிகள் வந்தன. நாலு தள்ளுவண்டிகள் வந்தன. அலமாரிகளுக்கு நடுவே விட்ட இடத்தில் அவை நுழையவில்லை, அதனால் வெங்காயம் கொட்டி வைக்கப் பயன்பட்டன. திருட்டைக் கண்டுபிடிக்க என்று மூலையில் ஒரு உருண்டைக் கண்ணாடி மாட்டினார். அதில் கடை முழுவதும் தெரியும், ஆனால் எல்லோரும் பெரிய மூக்கும் சின்ன உடம்புமாகத் தெரிவார்கள். கடைசியாக இரண்டு அறிவிப்புப் பலகைகள். ஒன்றில், 'தேவையான பொருட்களைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம்.' அதற்கு நேர் கீழே மற்றொன்று, 'பொருட்களைத் தொடாதீர்கள்.' முதல் பலகை மற்ற கடைகளைப் பார்த்து எழுதியது. இரண்டாவது அவர் சொந்தப் புத்தி. ஒரு அம்மாள் அப்பளக் கட்டை எடுக்கக் கையை நீட்டினார். செயலாளர் நாற்காலியிலிருந்தே கத்தினார். அந்த அம்மாள் பயந்துபோய், "எடுத்துக்கலாம்னு போட்டிருக்கே?" என்றார்.

"எடுத்துக்கலாம்மா. தொடக் கூடாது. எங்க ஸ்டாஃப்கிட்ட சொன்னா எடுத்துத் தருவாங்க."

அந்த அம்மாள் இரண்டு பலகைகளையும் இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனார். "மஸாலா தோச திங்கலாம், வாய மட்டும் தொறக்கக் கூடாது" என்று பாக்கிங் அக்கா பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்.

இப்படிக் கடை படுத்த பிறகு, ஒருநாள் செயலாளர் பெரிய திட்டத்தோடு வந்தார். கீழ்த்தளத்தைப் பச்சைப் பைக் கம்பெனிக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விட்டுவிடலாம், வாடகையை உறுப்பினர்களுக்குப் பங்கு பிரிக்கலாம் என்றார். எதிரிலேயே அவ்வளவு பெரிய கடை வைத்திருப்பவனுக்கு எங்கள் கடை எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. சாமான் இறக்க வரும் லாரிக்காரர்தான் விளக்கிச் சொன்னார். சிவப்புப் பைக்காரன் மந்தைவெளியில் இடம் தேடிக்கொண்டிருந்தான். எங்கள் மூலை அவன் கைக்குப் போய்விடக் கூடாது. பச்சைக்காரனுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒருவன் உட்காரக் கூடாது என்பதற்காக இன்னொருவன் துண்டு போட்டு வைக்கிற இடம் எங்கள் கடை. அந்தத் துண்டுக்குக் கீழே எங்கள் பிழைப்பு இருந்தது. குத்தகை நிறைவேறினால் நானும் பாக்கிங் அக்காவும் காசாளரும் மற்ற எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் சங்கத்தின் கட்டடத்தைக் குத்தகைக்கு விட உறுப்பினர்களின் பேரவைக் கூட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் அதைத்தான் நம்பியிருந்தோம்.

நம்பியதற்கு ஒரு காரணமும் இருந்தது. மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் இருந்தார். அவர் தகப்பனார் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். பேராசிரியர் கூட்டுறவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பின்னால் நிற்கும் வரிசை தெருவுக்கு வந்துவிடும். குத்தகை விஷயம் கேள்விப்பட்டதும் கடைக்கு வந்து, செயலாளர் காதில் விழும்படி என்னிடம் சொன்னார். "நீ கவலைப்படாதேம்மா. நான் இருக்கேன். இந்தக் கட்டடத்துல ஒரு செங்கல்லை அவன் அசைக்கட்டும் பார்க்கலாம். பேரவையில எழுந்து நின்னு கிழிகிழின்னு கிழிக்கப்போறேன்." வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். அன்று இரவு என் அம்மாவிடம், படித்தவர் ஒருத்தர் நம் பக்கம் இருக்கிறார், ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அம்மா சாமி படத்துக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும் பேரவைக்கு வந்து கையெழுத்துப் போடும் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கூப்பன் கொடுப்போம். கூட்டம் முடிந்ததும் கூப்பனைக் கொடுத்து அன்பளிப்பு வாங்கிப் போகலாம். ஒரு வருஷம் தட்டு, ஒரு வருஷம் டம்ளர். உண்மையைச் சொன்னால், பாதிப் பேர் அதற்குத்தான் வருவார்கள். தீர்மானம் என்ன, கணக்கு என்ன என்று யாருக்கும் கவலை கிடையாது. போன வருஷத்துத் தட்டு கனம் போதவில்லை என்பதைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். செயலாளருக்கு வேறு எது தெரியாவிட்டாலும் தன் உறுப்பினர்களை நன்றாகத் தெரிந்திருந்தது.

கூட்டத்தன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களை முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தார். கடை நடுவில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பிரித்தால் எவர்சில்வர் டப்பாக்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் பச்சைப் பைக் கடையின் பெயர் போட்ட வட்ட ஸ்டிக்கர். அதை உரித்துவிட்டு, எண்ணெய் போட்டுத் துடைத்து அடுக்கச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.  நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தோம். பாக்கிங் அக்காதான் ஆரம்பித்தார்.

"இன்னாமே இது! நம்ம கடைய முழுங்கப் போறவன் டப்பாவ நாமளே எண்ண தேச்சி குளிப்பாட்டிக்கினு கீறோம்?"

காசாளர் குரலைத் தாழ்த்தி, "மெதுவாப் பேசு அக்கா, மேல கேக்கும்" என்றார்.

"கேக்கட்டும். நைனா எம்மாம் பெரிய ஆளு பாரு. வெட்றதுக்கு முன்னாடி ஆட்டுக்கே சீப்பு வாங்கிக் குடுக்குது."

அக்காவுக்கு ஒரு யோசனை தோன்றியது. கடைசி இரண்டு பெட்டிகளில் இருந்த ஸ்டிக்கரை உரிக்காமலே விட்டார். உரித்தவற்றுக்கு நடுவே அவற்றைக் கலந்து அடுக்கினார். டப்பாவை வாங்குகிறவர்கள் யார் வீட்டுச் சரக்கு என்று பார்த்துவிட்டுக் கேட்பார்கள், கேட்டால் விஷயம் மாடி வரைக்கும் போகும் என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியாகப் பட்டது. படித்த ஜனங்கள், பேப்பர் படிக்கிறவர்கள், ஒருவர்கூடவா கேட்க மாட்டார்கள்?

கூட்டம் தொடங்கியபோது மாடிக் கூடம் நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள் நின்றார்கள். பெரும்பாலும் பேராசிரியர் திரட்டியவர்கள். நான் கீழே டப்பா மேஜையில் இருந்தேன். செயலாளர் கீழேயும் ஒரு ஒலிபெருக்கி கட்டியிருந்தார். எதற்கு என்று அப்போது தெரியவில்லை. வரவேற்புரை கேட்டது, வரவு செலவு கேட்டது. பிறகு செயலாளரின் குரல் குழைந்தது. "அடுத்தது குத்தகைத் தீர்மானம். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன அறிவிப்பு. வயசானவங்க சிரமப்படக் கூடாதுன்னு இந்த வருஷம் அன்பளிப்பை இப்பவே கீழே குடுக்க ஆரம்பிச்சிருக்கோம். ஸ்டாக் கொஞ்சம் கம்மியா வந்திருக்கு. கூட்டம் அது பாட்டுக்கு நடக்கும், வரிசையில நின்னுக்கிட்டே ஸ்பீக்கர்ல கேக்கலாம்."

மாடியில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. இடி இடிப்பது போல இருந்தது. படிக்கட்டில் ஜரிகை வேட்டிகளும் பட்டுப் புடவைகளும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு இறங்கின. "ஓடாதீங்கோ, ஓடாதீங்கோ" என்று சொல்லிக்கொண்டே எல்லோரும் ஓடி வந்தார்கள். சங்கம் எங்கள் ரத்தம் என்று முந்தின நாள் சொன்ன ஒருவர் முன்னால் நின்றவரின் தோளைப் பிடித்து ஒதுக்கினார். மூலையில் மாட்டியிருந்த உருண்டைக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன். பெரிய பெரிய மூக்குகளும் சின்னச் சின்ன உடம்புகளுமாக வரிசை கடையைச் சுற்றி வளைந்திருந்தது. அந்தக் கண்ணாடி முதல் தடவையாக மனிதர்களைச் சரியாகக் காட்டியது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதும் ஒலிபெருக்கியில் பேராசிரியரின் குரல் வந்தது. "மதிப்பிற்குரிய உறுப்பினர்களே, இந்தத் தீர்மானத்தை நான் வன்மையாக..." என்று ஆரம்பித்தார். என் கை டப்பாவோடு அப்படியே நின்றது. வரிசையில் முன்னால் நின்றிருந்த அவர் மனைவி என் மேஜையைப் பார்த்தார், மீதி டப்பாக்களைப் பார்த்தார், பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏன்னா! உங்க கூப்பனுக்கு உங்ககிட்டதான் டப்பா தருவாளாம். தீர்ந்துடப் போறது, வாங்கோ!"

ஒலிபெருக்கியில் ஒரு கனைப்புச் சத்தம். "ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்" என்று யாரிடமோ சொன்னது கேட்டது. அவ்வளவுதான். பேராசிரியர் படியிறங்கி வந்து மனைவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் தீர்மானம் வாசிக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் கூட்டத்துக்கு வந்ததாகக் கணக்கு. கையைத் தூக்கியவர்கள் மிச்சம் இருந்தவர்கள். மிச்சம் இருந்தவர்கள் செயலாளரின் மச்சானும், அவருடைய சிநேகிதர்களும், காது கேட்காததால் இறங்கி ஓடாத ஒரு பெரியவரும். ஒருமனதாக நிறைவேறியது என்று சொல்லிக் கைதட்டினார்கள். நான் ஸ்டிக்கர் இல்லாத டப்பா ஒன்றைப் பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அடுக்கில் இருந்த வேறு ஒன்றைக் காட்டி, "அந்த ஸ்டிக்கர் ஒட்டினதைக் குடேம்மா. அதான் புதுசு மாதிரி இருக்கு" என்றார்.

அவர் கேட்டதைப் பார்த்து, பின்னால் நின்றவர்களும் ஸ்டிக்கர் ஒட்டியதே வேண்டும் என்றார்கள். அக்கா கலந்து வைத்தவை முதலில் தீர்ந்தன. அன்றைக்குச் சண்டை வந்ததும் அதற்காகத்தான்.

டப்பா ஒன்றுகூடக் குறையவில்லை. நிறைய மிஞ்சியது. செயலாளர் கீழே வந்து, "நீங்களும் நம்ம குடும்பம்தான்" என்று எங்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். பாக்கிங் அக்கா மட்டும் வாங்கவில்லை. "நீயே வச்சிக்க நைனா. நாளைக்கி அவன் உன்னியும் தொரத்துவான், அப்ப கைல ஏந்தறதுக்கு ஒதவும்" என்று சொல்லிவிட்டுப் புடவையை உதறிக்கொண்டு வெளியே போனார். பிறகு அவர் கடற்கரைச் சாலை ஓரத்தில் மீன் விற்றார். செயலாளர் பச்சைப் பைக் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்து, பாக்கிங் அக்கா சொன்னபடியே ஒரு வருஷத்தில் வெளியே வந்தார் என்று கேள்வி. எங்கள் கடையில் பச்சைக்காரன் காலி அட்டைப் பெட்டிகளைப் போட்டு ஷட்டரை இறக்கிவிட்டான். நான் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் திருகாணி எண்ணிப் பையில் போடும் வேலைக்குப் போனேன். நான் அந்த வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். காலையில் பஸ்ஸுக்காக அந்த மூலையைத் தாண்டும்போது, மூடிய ஷட்டருக்கு முன்னால் பேராசிரியர் கையில் துணிப்பையோடு நின்றிருந்தார்.

"ஏம்மா, கடை தொறக்கலையே, இன்னிக்கு லீவா? பெங்களூர்ல பிள்ளை ஆத்துக்குப் போயிட்டு நேத்திக்குத்தான் வந்தேன்."

"கடை மூடியாச்சு சார்."

"மூடிட்டாளா? யாரு மூடினா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? எங்கப்பா ஆரம்பிச்ச சங்கம்!" அவர் முகத்தில் உண்மையான கோபம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதுவரை யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத நான், பஸ் வருவதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"டப்பா நல்லா இருக்கா சார்?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல கனம்மா. ஆனா மூடிதான் சரியா உக்கார மாட்டேங்கறது. ரெண்டு டப்பாவுமே அப்படித்தான். நீ அன்னிக்குப் பாத்துக் குடுத்திருக்கலாம்."

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். பிறகு பச்சைப் பையும் போயிற்று, சிவப்புப் பையும் போயிற்று. இப்போது அந்த மூலையில் அடுக்குமாடிக் கட்டடம். அதில் இருப்பவர்கள் செல்போனில் தட்டி உப்பைக்கூட வீட்டுக்கு வரவழைக்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று இலவசம் வந்ததா என்று வாசலிலேயே பையைப் பிரித்துப் பார்க்கிறார்கள். இன்று காலை மறுபடியும் அந்த டப்பாவை எடுத்துத் துடைத்தேன். பேராசிரியர் பொய் சொல்லவில்லை. என்னுடையதற்கும் மூடி உட்காராது. ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் எழும்பிக்கொள்ளும். சர்க்கரை போட்டால் எறும்பு வரும், அப்பளம் போட்டால் நமுத்துப்போகும். அதனால் அதில் நான் எதையும் போட்டு வைத்ததில்லை. வாங்கி வந்த நாளிலிருந்து காலியாகத்தான் இருக்கிறது.